வெளி இருட்டுக்கு நேரே

இரண்டு தெருக்கள் கூடும் முனையில் ஒரு டயர் கடை. அதன் பக்கவாட்டில் செங்குத்தான படிக்கட்டு. ஏறினால் சபைக்கூடம். வாரநாட்களில் கீழே காற்றடிக்கும் இயந்திரம் உறுமும்போது மேலே மடக்கு நாற்காலிகள் எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கும். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. ரப்பர் வாசனைக்குக் கிடையாது. அந்தக் கூடத்தின் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு திரிபவளைச் சபையார் ‘சாவி’ என்றே கூப்பிட்டார்கள். சிலர் அன்பாக. பலர், அந்தக் கொத்து இன்னும் எத்தனை நாளைக்கு அங்கே இருக்கிறது பார்க்கலாம் என்கிற தொனியில்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு வேறு பட்டப்பெயர் இருந்தது. ‘கேள்வி’. அதைச் சூட்டியவர் அவள் கணவனின் அண்ணன். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆராதனை முடிந்ததும் கூடத்திலேயே உவமை வகுப்பு நடத்துவார். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவர் காதில் விழாமல் சொல்வார்கள். ‘சமக்குறி’.

காரணம் அவருடைய பலகை. இயேசு சொன்ன உவமை எதுவானாலும் அதில் வருகிறவர்களையும் பொருள்களையும் இடது பக்கம் கீழே கீழே எழுதுவார். நடுவில் வரிசையாகச் சமக்குறிகள். வலது பக்கம் அர்த்தம். விதை என்றால் வசனம், முள் என்றால் உலகக் கவலை, பறவை என்றால் பிசாசு. அர்த்தங்களை வீட்டிலேயே நீளத் தாளில் எழுதிச் சுருட்டிக் கொடுத்தனுப்புவார். தாளைப் பலகையின் வலது பாதியில் மாட்டி, மேலே ஒரு நீலத் துணியைப் போட்டு மூடிவைக்க வேண்டும். வகுப்பு நடக்க நடக்க, துணியை மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறக்குவார். அதுவரை சபையார் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். திறந்ததும் எழுதிக்கொள்வார்கள். சபையில் அர்த்தம் என்றால் துணிக்குப் பின்னால் இருப்பதுதான்.

புது மணப்பெண்ணாக அவள் உட்கார்ந்த முதல் வகுப்பில் பத்துக் கன்னிகைகளின் உவமை. மணவாளன் வரத் தாமதமாகிறது. எண்ணெய் வைத்திருந்த ஐந்து பேர் உள்ளே போகிறார்கள். எண்ணெய் வாங்கப் போன ஐந்து பேருக்குக் கதவு அடைபட்டுவிடுகிறது. உங்களை எனக்குத் தெரியாது என்று உள்ளிருந்து குரல் வருகிறது.

“இதுல பொண்ணு எங்க அத்தான்?” என்று கேட்டாள்.

“எந்தப் பொண்ணும்மா?”

“கல்யாணப் பொண்ணு. மாப்பிள்ளை வர்றார், தோழிகள் வர்றாங்க. பொண்ணைக் காணோமே.”

“மணமகள் என்கிறது சபை.”

“அப்ப அந்தப் பத்து பேரு?”

“அதுவும் சபைதான்.”

“சபையே உள்ளயும் இருக்கு, சபையே வெளியவும் நிக்குதா?”

கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “தம்பி, உன் வீட்டுக்கு ஒரு கேள்வித்தாளைக் கட்டிக்கிட்டு வந்திருக்கே” என்றார். அன்றிலிருந்து அவள் ‘கேள்வி’.

அந்தத் தம்பி, அதாவது அவள் கணவன், தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவன். ஆராதனையில் கீபோர்டு வாசிப்பான். விரல்களில் நல்ல இசை இருந்தது. மற்ற இடங்களில் எல்லாம் கேலி. அவள் அப்போது மருத்துவமனையில் படுக்கை விரிப்புகள் மடிக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். மாற்று ஆள் வராத நாளில் மாலை வேலை நீண்டுவிடும். அலுத்துக் களைத்து நான்காம் மாடி ஏறி வந்தால் வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கும்.

“கதவைத் திறங்க.”

“யாரது?”

“நான்தான்.”

“நான்தான்னா? உன்ன எனக்குத் தெரியாதே.” உள்ளே சிரிப்பு. “எண்ணெய் வாங்கிட்டு வந்தியா?”

முதல் தடவை அவளும் சிரித்தாள். பிறகு அது வழக்கமாயிற்று. படியில் ஏறி இறங்குகிறவர்கள் அவளைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போலப் போவார்கள். எதிர்வீட்டுக்காரி ஒரு முறை நாற்காலி கொண்டுவந்து போட்டாள்; அதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை. எப்போது திறப்பது என்பது அவன் பசியைப் பொறுத்தது. உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் அவள் சண்டை போட முடியும். சண்டை போட்டால், “விளையாட்டுக்குச் சொன்னா உனக்கு என்ன இவ்வளவு ரோஷம்?” என்பான்.

அத்தானிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சின்ன வயசுலேர்ந்தே அவன் குறும்புக்காரன். ஆனா ஒண்ணு பாரும்மா, வசனம் அவன் நாக்கு நுனியில இருக்கு.”

அதற்குப் பிறகு அவள் அவரிடம் எதையும் சொல்லவில்லை. கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பின்னறையில் தங்கிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்த வாரத்தில், பாஸ்டரிடம் நேரே போய் வேலையைக் கேட்டாள். மருத்துவமனை வேலையை விட்டாள். ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு அடுப்பு. பின்னறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர்தான் தெரியும். ஆனால் அந்த அறைக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது. அதைப் போடுவதும் எடுப்பதும் அவள் கை.

அங்கேதான் வினை. தம்பி பெண்டாட்டி வீட்டைவிட்டு வந்ததைக்கூடச் சமக்குறி பொறுத்துப் போயிருப்பார். சபைக்கூடத்திலேயே, அவருடைய பலகைக்குப் பின்னாலேயே குடியேறியதுதான் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. ஞாயிறுதோறும் தம்பி முன்னால் கீபோர்டு வாசிக்க, தம்பி பெண்டாட்டி பின்னால் நின்று தேநீர் ஊற்றினால் ஊர் என்ன பேசும்? கமிட்டியில் ஐந்து பேர். பாஸ்டர், சமக்குறி, பேங்க் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மருந்துக்கடைக்காரர், தையல்காரம்மா. புருஷனோடு சேர்ந்து வாழாதவள் கையில் ஆலயச் சாவி இருக்கலாமா என்று சமக்குறி கமிட்டியில் எடுத்தார். ஒன்று வீட்டுக்குத் திரும்ப வேண்டும், இல்லை சாவியை வைத்துவிட்டுப் போக வேண்டும். சாவி போனால் அறையும் போகும். அறை போனால் அவளுக்கு மிச்சம் நான்காம் மாடிப் படிதான்.

பாஸ்டர் இளைஞர், சபைக்குப் புதியவர். அவருக்கு வீடு பார்த்துக் கொடுத்தது சமக்குறி. “எல்லாரும் ஜெபிச்சு முடிவெடுக்கலாமே” என்று தள்ளிப்போட்டுப் பார்த்தார். தள்ளத் தள்ள அது உருண்டு வகுப்புக்கே வந்துவிட்டது.

அந்த ஞாயிறு கோதுமையும் களையும் பற்றிய உவமை. வயலில் நல்ல விதை விதைத்தவன் ஒருவன். இரவில் பகைவன் வந்து களையை விதைத்துவிட்டுப் போகிறான். இப்போதே பிடுங்கிவிடவா என்று வேலைக்காரர்கள் கேட்க, வேண்டாம், களையோடு கோதுமையும் வந்துவிடும், அறுப்பு வரைக்கும் இரண்டும் வளரட்டும் என்கிறான் எஜமான். சமக்குறி இடது பக்கத்தை எழுதி முடித்துத் துணியில் கை வைத்தார். தையல்காரம்மா எழுந்தாள். அவள் வாயில் எப்போதும் குண்டூசி இருப்பது போலவே பேச்சும் இருக்கும்.

“சார், ஒரு சந்தேகம். அறுப்பு வரைக்கும் விட்டுடுங்கன்னுதானே சொல்லியிருக்கு? அப்ப நாம எதுக்கு இப்பவே பிடுங்கக் கிளம்பியிருக்கோம்?”

“யார் எதைப் பிடுங்கறா?”

“அதை நான் சொல்லணுமா? பின்னால டீ ஊத்திட்டு இருக்கு பாருங்க.”

கூடம் இரண்டாகப் பிளந்தது. ஒருத்தர், “குடும்ப விஷயத்தை இங்க ஏன் இழுக்கறீங்க?” என்றார். இன்னொருத்தர், “இழுத்தது யாரு?” என்றார். சமக்குறியின் மனைவி தையல்காரம்மாவைப் பார்த்து, “உங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா உங்களுக்கு இந்த வாய் வந்திருக்காது” என்றாள். அதற்குப் பிறகு யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. சாவி கோப்பைகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். தனக்காகச் சண்டை நடக்கும்போது கையில் ஏதாவது வேலை இருப்பது எவ்வளவு நல்லது என்று நினைத்தாள்.

சமக்குறி மேசையைத் தட்டினார். “இத்தனை வருஷமா இந்தப் பலகையில ஒரு வரி தப்பா வந்ததுண்டா? யாராவது சொல்லுங்க. ஒரே ஒரு வரி.” யாரும் சொல்லவில்லை. “சரி. அடுத்த வாரம் கல்யாண உடை உவமை. அதைக் கேட்டுட்டு நேரே கமிட்டி. அதுக்குமேல பேச்சில்ல.” துணியை இறக்காமலே வகுப்பைக் கலைத்துவிட்டார்.

போகும்போது தேநீர் மேசைக்கு, அவளிடம் வந்தார். “ஏம்மா, இனிமே இந்தத் துணி மேல நீ கை வைக்க வேணாம். தாள் மாட்டுறதெல்லாம் தம்பி பார்த்துக்குவான். உன்கிட்ட சாவி இருக்கிற வரைக்கும் கதவைத் திற, மூடு. போதும்.”

“சரிங்க அத்தான்” என்றாள். அந்தச் ‘சரிங்க’வில் உப்பும் இல்லை, காரமும் இல்லை. அவள் கோபத்தின் உச்சத்தில் அப்படித்தான் பேசுவாள்.

சொன்னபடியே இடது பக்கத்தை மட்டும் துடைத்தாள். வலது பக்கத்தைத் தொடவில்லை.

சனிக்கிழமை அவள் கணவன் வந்தான். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் ஒன்றும் இல்லை. பலகைக்கு முன்னால் நின்று, துணி புடைத்திருப்பதைப் பார்த்தான்.

“தாள் மாட்டியிருக்கே.”

அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அண்ணன் வந்து மாட்டிட்டாரா?”

“எனக்கென்ன தெரியும். துணியத் தொடக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு.”

“வண்டியில ஒரு சுருள் கிடக்குது. அது வேறயோ என்னவோ.” தானாகச் சொல்லிக்கொண்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். “நாளைக்குச் சாவியைப் பிடுங்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி நீயே வந்துட்டேன்னா மரியாதை. அண்ணனுக்கும் மரியாதை, உனக்கும் மரியாதை.”

“உங்களுக்கு?”

“எனக்கென்ன. எனக்குச் சோறு.”

“ஈரம் காயல. கால எடுங்க.”

அவன் காலைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான், பஸ்ஸில் மூட்டைக்கு மேல் உட்கார்ந்தவன் மாதிரி. பிறகு எழுந்து போய்விட்டான். ஈரத் தரையில் வாசல் வரைக்கும் செருப்புத் தடம்.

ஞாயிறு காலை நாற்காலிகளை விரித்துப் போடும்போது அவள் பலகையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஒரு முறை தாண்டினாள். இன்னொரு முறை தாண்டினாள். மூன்றாம் முறை நின்று, துணியின் ஓரத்தை விரல் நுனியால் விலக்கினாள்.

‘உலகத்தின் முடிவு’ என்றிருந்தது. அதற்குக் கீழே ‘தேவதூதர்கள்’.

கல்யாண உடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது களைகளின் தாள். போன வாரம் திறக்காமலே போனது, அப்படியே தொங்குகிறது. களைகளின் உவமை ஒன்றைத்தான் இயேசுவே வரி வரியாகப் பிரித்துச் சொன்னார் என்று அத்தான் வருடாவருடம் பெருமையாகச் சொல்வார். விதைக்கிறவர் மனுஷகுமாரன், வயல் உலகம், அறுக்கிறவர்கள் தேவதூதர்கள். கேட்டுக் கேட்டு அவளுக்கே மனப்பாடம்.

இப்போது சொல்லிவிடலாம். அத்தான் படியேறி வருகிற சத்தம் கேட்டது. ஒரு வார்த்தை போதும். அவர் தம்பியை வண்டிக்கு அனுப்புவார், நல்ல தாள் வரும், சமக்குறிகள் எல்லாம் சரியாக இருக்கும், மதியத்துக்குள் அவள் வெளியே நிற்பாள்.

துணியை விட்டாள். தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். இன்றைக்காவது அந்தப் பலகை எல்லார் முன்னாலும் குப்புற விழட்டும். விழுந்த பலகையை வைத்துக்கொண்டு யாரும் தன்னை வெளியே தள்ள முடியாது. அவ்வளவுதான் அவள் கணக்கு.

ஆராதனை முடிந்து வகுப்பு தொடங்கும்போது கூடம் நிரம்பியிருந்தது. வகுப்புக்கு வராதவர்கள்கூட உட்கார்ந்திருந்தார்கள். யாரோ வெளியேற்றப்படப் போகிறார்கள் என்றால் கூட்டத்துக்குப் பஞ்சமிருக்காது. சமக்குறி கதையைச் சொன்னார். ராஜா தன் மகனுக்குக் கல்யாண விருந்து வைக்கிறார். அழைக்கப்பட்டவர்கள் வரவில்லை. ரோட்டில் கண்டவர்களையெல்லாம் கூட்டிவரச் சொல்கிறார். வீடு நிறைகிறது. ராஜா உள்ளே வந்து பார்த்தால் ஒருவன் கல்யாண உடை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். உடை இல்லாமல் எப்படி உள்ளே வந்தாய் என்று கேட்கிறார். அவன் வாயைத் திறக்கவில்லை. கையையும் காலையும் கட்டி வெளி இருட்டில் தள்ளிவிடுகிறார்கள்.

“ரோட்ல போனவன் எங்கேர்ந்து சார் கல்யாண உடைக்குப் போவான்?” தையல்காரம்மா உட்கார்ந்தபடியே கேட்டாள்.

“வாசல்லயே ராஜா எல்லாருக்கும் உடை கொடுத்தாரு. இவன் வாங்கிக்கலை. திமிரு.”

“கொடுத்தார்னு எங்க இருக்கு?”

“அந்தக் காலத்து வழக்கம்.”

“எழுதல. ஆனா இருக்குங்கறீங்க.”

“எழுதாததையும் புரிஞ்சுக்கத்தான்மா இந்த வகுப்பு” என்றார் சமக்குறி. பேங்க்காரர் தலையை ஆட்டிக்கொண்டே பேனா மூடியைக் கழற்றினார்.

இடது பக்கம் அவர் காலையிலேயே எழுதியிருந்தது: ராஜா, கல்யாண வீடு, வர மறுத்தவர்கள், ரோட்டிலிருந்து வந்தவர்கள், கல்யாண உடை, உடை இல்லாதவன், வெளி இருட்டு. சபையைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டித் துணியை ஒரு வரி இறக்கினார்.

ராஜாவுக்கு நேரே ‘மனுஷகுமாரன்’.

அவர் எழுதியது தேவன் என்று. கண் ஒரு முறை சிமிட்டியது. பாதகமில்லை, அதுவும் பொருந்தும். இரண்டாம் வரியை இறக்கினார். கல்யாண வீட்டுக்கு நேரே ‘உலகம்’.

அங்கே அவருக்குத் தெரிந்துவிட்டது. பின்வரிசையில் தேநீர்க் குடுவையோடு நின்றவளுக்கு, அவருக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தது. அவர் கண்கள் கீபோர்டுப் பக்கம் போயின. தம்பி தலையைக் குனிந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். தாள் மாறிவிட்டது என்று சொன்னால் தீர்ந்தது. ஆனால் மாட்டியது யார் என்று கேட்பார்கள். ஒரு வரி தப்பியதுண்டா என்று போன வாரம் மேசையைத் தட்டியவர் அவர். பேங்க்காரர் அதற்குள் இரண்டு வரியையும் எழுதி முடித்துவிட்டு மூன்றாவதற்குத் தலை நிமிர்ந்திருந்தார்.

சமக்குறி துணியை இறக்கினார்.

வர மறுத்தவர்கள், ராஜ்யத்தின் பிள்ளைகள். ரோட்டிலிருந்து வந்தவர்கள், பொல்லாதவனின் பிள்ளைகள். பேனாக்கள் ஓடின. ஐந்தாவது வரி: கல்யாண உடைக்கு நேரே ‘பிசாசு’.

“பிசாசா?” என்றார் மருந்துக்கடைக்காரர், மெல்ல.

“ஆமா.” சமக்குறியின் குரல் ஒரு இழை ஏறியது. “ஆழமா யோசிக்கணும். பிசாசு எப்பவும் தன்னைக் காட்டிக்கிட்டு வர மாட்டான். போர்த்திக்கிட்டுத்தான் வருவான். அதான் உடை.”

“ஆஹா” என்றார் பேங்க்காரர்.

“உடை பிசாசுன்னா, போடாம வந்தவன் நல்லவன்தானே?” தையல்காரம்மா விடவில்லை.

“அவசரப்படாதீங்க.” துணி இறங்கியது. உடை இல்லாதவனுக்கு நேரே ‘உலகத்தின் முடிவு’. “பாருங்க. ஒரு வீட்டுல ஒருத்தர் தன் ஒழுக்கத்தைக் கழட்டி வெச்சா, அந்த வீட்டுக்கு அதுதான் உலக முடிவு. ஒரு ஆளாலதான் முடிவு வருது. ஒரே ஒரு ஆளு.” யாரையும் பார்க்காமல்தான் சொன்னார். சபையே அவருக்காகத் திரும்பித் தேநீர் மேசையைப் பார்த்தது.

கடைசி வரி. வெளி இருட்டுக்கு நேரே ‘தேவதூதர்கள்’.

அதை அவரே இரண்டு முறை படித்தார். பிறகு முகம் மலர்ந்தது. அது நடிப்பு இல்லை. கடினமான கணக்குக்கு விடை வந்த வாத்தியாரின் முகம் அது. “இதுதான் இந்த உவமையோட உயிரு. வெளிய அனுப்பறது தண்டனைன்னு நாம நினைக்கிறோம். இல்லை. வெளிய அவங்களுக்காகத் தேவதூதர்கள் காத்துக்கிட்டு இருக்காங்க. அப்படீன்னா ஒருத்தரை வெளிய அனுப்ப நாம தயங்கவே கூடாது. தயங்கினா நாமதான் அவங்களுக்குக் கெடுதல் பண்றவங்க.”

“ஆமென்” என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். பின்னாலும் ஒன்றிரண்டு. பேங்க்காரர் கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டார்.

அவள் கையிலிருந்த குடுவை கனத்தது. பலகை விழும் என்று நினைத்திருந்தாள். விழவில்லை. களையின் அர்த்தத்தை உடைக்கு மாட்டிவிட்டும் வழி நேராக அவளிடமே வந்து நிற்கிறது. தாளில் சமையல் குறிப்பு எழுதியிருந்தாலும் இந்த மனிதர் அதை இவள் கழுத்துக்குத்தான் கொண்டுவந்திருப்பார். இத்தனை வருடமாகத் துணிக்குப் பின்னால் அர்த்தம் இருக்கிறது என்று எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே தாள்தான் இருந்தது. அர்த்தம் முன்னாலேயே, அவர் வயிற்றிலேயே, தயாராக இருந்திருக்கிறது.

சும்மா இருந்தால் சாவி போகும். வாயைத் திறக்காதவனை என்ன செய்தார்கள் என்று இப்போதுதான் கேட்டாள். குடுவையை மேசையில் வைத்தாள்.

“அத்தான். அது போன வாரத்துத் தாள்.”

பேனாக்கள் நின்றன.

“களைங்களோட தாள். நீங்க திறக்காமலே போனீங்களே, அது. விதைக்கிறவர் மனுஷகுமாரன், வயல் உலகம், பகைவன் பிசாசு, அறுப்பு உலக முடிவு, அறுக்கறவங்க தேவதூதர். இன்னிக்குத் தாள் உங்க தம்பி வண்டியில கிடக்குது.”

கீபோர்டுக்காரன் தலை நிமிர்ந்தான். “நேத்து மாட்டியிருந்துச்சேண்ணே. நீங்க மாட்டிட்டீங்கன்னு...”

“வாயை மூடுடா” என்றார் சமக்குறி. அவளிடம் திரும்பினார். “உனக்கு எப்பத் தெரியும்?”

“காலையிலயே பார்த்தேன்.”

“தெரிஞ்சும் சொல்லலை.”

“துணியத் தொடக் கூடாதுன்னு சொன்னது நீங்க.”

“பார்த்தீங்களா, பார்த்தீங்களா” என்று சமக்குறியின் மனைவி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். “வேணும்னே மாட்டிவிட்டிருக்கா. விஷம்.”

“ஆமாக்கா. வேணும்னுதான் சும்மா இருந்தேன்” என்றாள் சாவி. “இவர் தப்பு பண்ணுவார்னு பார்த்தேன். பண்ணலையே. தப்புத் தாளை வெச்சே என்னைச் சரியா வெளிய அனுப்பிட்டாரே.”

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பிப் பாதியில் இருமலாக மாறியது. சமக்குறியின் காது சிவந்துவிட்டது. தம்பியைப் பார்த்து விரலை நீட்டினார். “போய் எடுத்துட்டு வா.”

அவன் படியிறங்குவதும், வண்டிக் கதவு திறப்பதும், கேன்கள் மோதுவதும், மறுபடி படியேறுவதும் எல்லாம் கேட்டது. சுருளைக் கொடுத்தான். அண்ணன் அதைப் பிடுங்கிய வேகத்தில் ரப்பர் பாண்ட் தெறித்துப் பாஸ்டர் மடியில் விழுந்தது. துணி இல்லாமலே, பழைய தாளுக்குப் பக்கத்திலேயே மாட்டினார். ராஜா தேவன், கல்யாண வீடு சபை, கல்யாண உடை ஒழுக்கம், உடை இல்லாதவன் ஒழுக்கம் கெட்டவன், வெளி இருட்டு சபைக்கு வெளியே. உரக்க வாசித்தார். யாரும் எழுதவில்லை.

பேங்க்காரர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். “சார், அப்ப முதல்ல எழுதினதை அடிச்சிடணுமா?”

“பின்ன?”

“இல்ல... முதல்ல சொன்னதுதான் சார் கொஞ்சம் ஆழமா இருந்துச்சு.”

தையல்காரம்மா எழுந்தாள். இந்த முறை குரலில் குண்டூசி இல்லை, களைப்புதான் இருந்தது. “ரெண்டு தாளுக்கும் தீர்ப்பு ஒண்ணுதான் சார். அப்ப தாள் எதுக்கு? நேரா சொல்லிடலாமே. எங்க வீட்டு மானம் போகுது, அதனால இவளை அனுப்பணும்னு. அதை இயேசு வாயில எதுக்கு வைக்கிறீங்க?”

“கமிட்டி” என்றார் சமக்குறி. “பேச்சு போதும். இங்கயே, எல்லார் முன்னாலயும். சாவி அவகிட்ட இருக்கக் கூடாதுன்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க.”

தன் கையை அவரே முதலில் தூக்கினார். மருந்துக்கடைக்காரர் கீழே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். பேங்க்காரரின் கை கிளம்பியது. தோள் வரை வந்தது. பலகையில் அருகருகே தொங்கும் இரண்டு தாள்களையும் பார்த்தது போல நின்றது. பிறகு தலையைச் சொறியப் போய்விட்டது. எல்லாரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் மடியில் விழுந்த ரப்பர் பாண்டை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கியதில் விரல் நுனி நீலமாகியிருந்தது.

“அந்த அம்மா... அறையில இருக்கட்டும்” என்றார். அதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. “சாவியும் இருக்கட்டும். இது கமிட்டி முடிவுன்னு எழுதிக்கலாம்.”

சமக்குறி தூக்கிய கையை இறக்க மறந்து கொஞ்ச நேரம் நின்றார். பதில் சொல்ல அனுமதி கேட்கிற மாணவன் மாதிரி இருந்தது.

கூட்டம் கலைந்தது. யாரும் அவளிடம் வந்து கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. தையல்காரம்மாகூட, “நீயும் காலையிலயே சொல்லியிருக்கலாம்டி” என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். கணவன் கீபோர்டுக்கு உறை போட்டுக்கொண்டே, எல்லார் முன்னாலும் வாயை மூடு என்று சொன்ன அண்ணனைப் பற்றிக் கீபோர்டிடம் முணுமுணுத்தான். சமக்குறி மட்டும் தேநீர் மேசைக்கு வந்தார்.

“உனக்கு இப்ப சந்தோஷமா?”

“இல்லீங்க அத்தான். நீங்க நல்லா சொல்றீங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

அவர் கோப்பையைக் கையில் எடுத்தார், காலியாக இருந்தது. வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வகுப்பு நிற்கவில்லை; அவர் நிறுத்துகிற ஆள் இல்லை. நீலத் துணியும் இருக்கிறது. தம்பியிடம் தாள் கொடுத்தனுப்புவதை மட்டும் விட்டுவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் தானே படியேறி வந்து, முகத்தைப் பக்கத்துச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டு, சுருளை அவளிடம் நீட்டுவார். கீழே இயந்திரம் உறுமிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் எழும்புகிற குரலில் அவள் கேட்பாள்:

“இது இந்த வாரத்துக்குத்தானே அத்தான்?”

அவர் பதில் சொல்ல மாட்டார். சொல்கிறவரைக்கும் அவள் வாங்கிக்கொள்ள மாட்டாள்.